வெள்ளைத் தகட்டில் ஒரு பொட்டு

எங்கள் தொழிற்சாலையில் பொட்டு வைத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாது. மாக் மண்டினில் மருந்துப் புட்டிகளுக்கு மூடி செய்கிற இடம் அது. எப்போதோ யாருடைய ஸ்டிக்கர் பொட்டோ ஒரு பெட்டிக்குள் விழுந்து, மூடிகளோடு கப்பலேறி, வெளிநாட்டில் யார் கையிலோ போய்ச் சேர்ந்துவிட்டதாம். அன்றிலிருந்து பொட்டு, பூ, வளையல், தோடு எதுவும் உள்ளே வரக் கூடாது என்று ஆகிவிட்டது. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பொட்டை எடுத்துக் கைக்கண்ணாடியில் ஒட்டி வைப்போம். வேலை முடிந்து வரும்போது மறுபடி நெற்றிக்கு மாற்றிக்கொள்வோம். வருஷத்தில் ஒரு நாள்தான் இதற்கு விலக்கு. ஆயுத பூஜையன்று மதியத்தோடு மிஷின்களை நிறுத்திவிடுவார்கள். அன்று மிஷினுக்கும் பொட்டு உண்டு, எங்களுக்கும் உண்டு.

பொட்டு வைப்பது எப்போதும் அக்காதான். லைனில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். தொழிற்சாலை இருக்கிற கரையிலேயே, செபராங் ஜெயாவிலிருந்து வருவார். மூடி வார்க்கிற மிஷின்கள், ஃபோர்க்லிஃப்ட், அலுவலகத்துப் பிரிண்டர் வரைக்கும் ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்து முடித்த பிறகு, அதே விரலோடு எங்களிடம் வருவார். நாங்கள் பரிசோதனைப் பெண்கள். வெள்ளை விளக்கின் கீழ் உட்கார்ந்து, ஓடிவரும் மூடிகளில் கீறல், கரும்புள்ளி, பிசிறு பார்த்துப் பொறுக்கி எறிவது எங்கள் வேலை. "ஒங்க கண்ணுதான் ஆயுதம். அதுக்கு வைக்காம விட்டா ஆத்தா கோவிச்சுக்குவா" என்று சொல்லி, வரிசையாக ஒவ்வொருத்தி நெற்றியிலும் அழுத்தி வைப்பார். அவர் விரலுக்குக் கொஞ்சம் பலம் அதிகம். தலை பின்னால் சாயும்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். கடல் பாலம் தாண்டித் தீவுப் பக்கம், ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட்டுக்குப் பின்னால் மழை பலமாகப் பெய்தால் மலை சரிந்துவிடுமோ என்று பயம். பஸ் பாலத்தில் நின்றால் பாலத்துக்கு என்ன ஆயிற்றோ என்று பயம். எங்கேயோ இரண்டு நாடுகள் சண்டை போட்டுக்கொண்டால் என் வீட்டு எண்ணெய்ப் போத்தலை எடுத்துப் பார்ப்பேன். என் கணவர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், எதற்கும் அசையாத ஆள். உலகத்தில் எது நடந்தாலும் உனக்கு ஒரு தந்தி வந்துவிடுகிறது என்று கேலி செய்வார். செய்தால் செய்துவிட்டுப் போகட்டும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. அந்த மணியோசை எனக்கு மட்டும் கேட்டுத் தொலைக்கிறது.

புதிய மிஷின் வரப்போகிறது என்பதும் எனக்குத்தான் முதலில் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை. லைனின் கடைசியில் இருந்த எங்கள் நாற்காலிகளைத் தள்ளிவிட்டுத் தரையில் மஞ்சள் கோடு போட்டார்கள். கோடு போட்டால் அங்கே ஏதோ வந்து உட்காரப் போகிறது என்று அர்த்தம். அன்று முழுக்க அந்தக் கோட்டை மிதிக்காமல் சுற்றிக்கொண்டே போனேன்.

வந்தது ஒரு காமிரா மிஷின். ஆள் உயரத்தில் ஒரு வெள்ளைக் கூண்டு. அதன் வயிற்றுக்குள் ஒரு பக்கம் மூடி போகும், மறுபக்கம் வரும். நல்லது நேராகப் போகும், கெட்டதைக் காற்று ஊதித் தள்ளிவிடும். எங்களைவிட நன்றாகப் பார்க்குமா என்றால், ஆரம்பத்தில் அப்படியும் இல்லை. ஆனால் அது ஒவ்வொரு மூடியையும் படம் பிடித்து வைத்துக்கொண்டது. விஷயமே அதுதான். மருந்துக் கம்பெனிக்காரன் ஒருவன் கேட்டானாம், நீங்கள் சோதித்தீர்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று. முதலாளியிடம் காட்ட ஒன்றும் இல்லை. எங்கள் கண் பார்த்ததை எங்கள் கண்ணே மறந்துவிடுகிறது. மனிதக் கண் எவ்வளவு கூர்மையாக இருந்து என்ன, அதற்குச் சாட்சி கிடையாது.

உலகம் ஏன் மாறுகிறது என்று டிவியில் பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்து பேசுவார்கள். தொழில்நுட்பம் என்பார் ஒருவர், சந்தை என்பார் இன்னொருவர். நானும் சமைத்துக்கொண்டே கேட்பேன். எங்கள் லைனில் பார்த்தவரைக்கும் எனக்குத் தெரிந்தது வேறு. யாருக்கோ பயம் வருகிறது. நோயாளி வழக்குப் போடுவானோ என்று மருந்துக்காரனுக்குப் பயம். அவன் ஆர்டரை நிறுத்துவானோ என்று முதலாளிக்குப் பயம். முதலாளி எங்களை நிறுத்துவாரோ என்று எங்களுக்குப் பயம். கைமாறிக் கைமாறி அது வந்து சேர்கிற கடைசி இடத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

மூன்று மாதத்துக்கு மிஷினை வைத்துப் பார்ப்பது, சரிப்பட்டால் வாங்குவது, இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவது என்று பேச்சு. பெண்கள் ஆளுக்கு ஒரு விதமாக அதை எதிர்கொண்டார்கள். ஒருத்தி அழகுக்கலை வகுப்பில் சேர்ந்தாள். இன்னொருத்தி மிஷினைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிலர் ஒன்றுமே நடக்காததுபோல் தீபாவளிக்கு எந்தக் கடையில் சேலை மலிவு என்று பேசினார்கள். மிஷினைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். பயப்படுகிற ஆள்தான் சொன்னபடி செய்வாள் என்று மேலதிகாரி நினைத்திருப்பார். அவர் கணக்குத் தப்பவில்லை. ஆனால் லைனில் என்னைப் பார்க்கும் பார்வை மாறியது. சாப்பாட்டு வேளையில் நான் வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றது. அக்கா மட்டும் எப்போதும்போல் தன் டப்பாவிலிருந்து நெத்திலிச் சம்பல் எடுத்து என் சோற்றில் வைத்தார்.

அக்காவுக்குத்தான் இந்த வேலை மற்ற எல்லோரையும்விட அவசியம். அவர் கணவருக்குச் சிறுநீரகம் பழுது. கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டையில்தான் அவருடைய வைத்தியம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ஓய்வு பெற இன்னும் சில வருஷம் இருந்தது. அதுவரை லைன் ஓடினால் போதும் என்று அவர் வெளிப்படையாகவே சொல்வார்.

மிஷின் வந்து சில வாரத்தில் ஆயுத பூஜை வந்தது. வழக்கம்போல் நான்தான் டவுனுக்குப் போய் லிட்டில் இந்தியாவில் பொரி, கடலை, சாம்பிராணி, குங்குமம் எல்லாம் வாங்கி வந்தேன். எங்கள் முதலாளி சீனர். ஆனால் இந்தப் பூஜையை விடவே மாட்டார். ஒரு வருஷம் பூஜையைத் தள்ளிப்போட்டபோது பெரிய மிஷின் ஒன்று படுத்துவிட்டதாம். அன்றிலிருந்து அவரே முன்னால் நின்று ஊதுபத்தி பிடித்துக் கும்பிடுவார். அக்கா ஒவ்வொரு மிஷினாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து புதிய மிஷின் முன்னால் நின்றார். பின்னாலிருந்து ஒருத்தி, நம் சோற்றில் மண்ணைப் போட வந்ததுக்கு எதுக்குப் பொட்டு என்று முணுமுணுத்தாள். அக்கா திரும்பவில்லை.

"வீட்டுக்கு வந்த மருமவளுக்குப் பொட்டு வைக்காம விடுவாங்களா? நாளைக்கு நம்மளோட சேந்து இருக்கப் போறதுதானே" என்றார்.

கூண்டின் கதவு திறந்திருந்தது. தோரணம் கட்டுவதற்காக யாரோ திறந்து விட்டிருந்தார்கள். உள்ளே நடுவில், பளிச்சென்று, உள்ளங்கை அளவுக்கு ஒரு வெள்ளைத் தகடு. அக்கா அதற்குச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். நானும் பக்கத்தில் நின்று கைகூப்பினேன். பிறகு எங்கள் நெற்றிகளுக்கு வந்தார். என் முறை வந்தபோது, நல்லா இருடி என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை வேலை தொடங்குவதற்குள் எல்லாப் பொட்டையும் துடைத்துவிட வேண்டும். அது விதி. துடைத்தார்கள். ஆனால் புதிய மிஷினுக்குள் அதைக் கொடுத்த கம்பெனியின் எஞ்சினியர் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. அதனால் கூண்டின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டுத் திறந்திருந்த கதவைச் சாத்திவிட்டார்கள்.

நான் பொத்தானை அழுத்தினேன். முதல் மூடியை மிஷின் ஊதித் தள்ளியது. அடுத்ததையும் தள்ளியது. நல்ல மூடி, கெட்ட மூடி என்று இல்லை, எல்லாவற்றையும் தள்ளியது. கழிவுத் தொட்டி நிரம்பி மூடிகள் தரையில் உருண்டன. நிறுத்தி மறுபடி போட்டேன். அதே கதை. மேலதிகாரி ஓடி வந்தார். தீவிலிருக்கும் பாயான் லெப்பாஸிலிருந்து எஞ்சினியரை வரச் சொன்னார்கள். பாலத்தில் நெரிசலாம், வர நேரமாகும் என்றார்கள். அன்றைக்கு அனுப்ப வேண்டிய சரக்கு நிற்கிறது. வேறு வழியில்லாமல், தள்ளி வைத்திருந்த நாற்காலிகளை இழுத்துப் போட்டு அங்கங்கே வேறு வேலையில் போட்டிருந்த பெண்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். வெள்ளை விளக்குகள் எரிந்தன. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு லைனில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நேற்றுத்தான் கும்பிட்டோம், இன்றைக்கே ஆத்தா கண்ணைத் திறந்துவிட்டாள் என்று ஒருத்தி சொன்னாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தச் சந்தோஷம் கூண்டின் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக நான் உள்ளே பார்க்கிற வரைக்கும்தான். வெள்ளைத் தகட்டின் நடுவில் குங்குமம் அப்படியே இருந்தது. மிஷினைப் பார்த்துக்கொள்ள எனக்குக் கொடுத்த பயிற்சியில் எஞ்சினியர் சொன்னது சட்டென்று நினைவுக்கு வந்தது. தினமும் காலையில் மிஷின் முதலில் அந்தத் தகட்டைத்தான் பார்க்கும். இதுதான் வெள்ளை என்று அதை வைத்து மனதில் பதித்துக்கொள்ளும். பிறகு நாள் முழுக்க வரும் மூடிகளை அந்த வெள்ளையோடு ஒப்பிடும். இன்று காலை அது சிவப்புப் பொட்டை வெள்ளை என்று படித்திருக்கிறது. அதன் கண்ணுக்கு உலகத்தில் உள்ள எந்த வெள்ளையும் வெள்ளையாகப் படவில்லை.

முந்தின வருஷம் வேலையைச் சீக்கிரம் முடிக்க ஒரு சென்சர் மேல் டேப் ஒட்டியவரை அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரணைகூடக் கிடையாது. மிஷினைப் பிடிக்காத பெண்கள் சேர்ந்து வேண்டுமென்றே கெடுத்துவிட்டார்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வைத்தது அக்கா என்று எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அட்டை போய்விடும். அக்கா வீட்டுக்காரரின் முகம் என் கண் முன்னால் வந்தது.

கதவைத் திறந்து துடைத்துவிடலாமா என்று நினைத்தேன். திறந்தால் மிஷின் அதையும் பதிந்து வைத்துக்கொள்ளும். ஒன்றும் செய்யாமல் இருந்துவிடலாமா என்றும் நினைத்தேன். எஞ்சினியர் வந்து அதைக் கவனிக்காமல் போனால், மிஷின் பழுது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாற்காலிகள் அங்கேயே இருக்கும், அக்காவின் அட்டையும் இருக்கும். அப்படியே ஆகட்டும் என்று அந்தக் கூண்டின் முன்னால் நின்றுகொண்டு வேண்டிக்கொண்டேன். இவ்வளவு பளிச்சென்று இருப்பது கண்ணில் படாமல் போகுமா என்று புத்தி கேட்டது. மனம் கேட்கவில்லை.

அக்காவைத் தண்ணீர்க் குழாய் பக்கம் அழைத்துப்போய்ச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. நெற்றி என்று நினைத்துத்தானே வைத்தேன், அது கண்ணா என்று கேட்டார். இன்னும் யாருக்கும் தெரியாது, வாயைத் திறக்க வேண்டாம், எஞ்சினியர் கேட்டால் கூட்டத்தில் யார் வைத்தார்களோ தெரியாது என்று நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அக்கா கையுறையைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நல்லது நெனச்சு வெச்சேன். அத ஒளிச்சா கெட்டது நெனச்சு வெச்ச மாதிரி ஆயிடும்லா" என்றார்.

எஞ்சினியர் வந்ததும் அக்காவே முன்னால் போய் நின்றார். எஞ்சினியர் சின்ன வயதுச் சீனப் பெண். முதலாளியும் மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. அக்கா மலாயில் சொன்னார், பூஜையில் பொட்டு வைத்தது நான்தான், எல்லா மிஷினுக்கும் வைத்ததுபோல் இதற்கும் வைத்தேன் என்று. எஞ்சினியர் கதவைத் திறந்து பார்த்தாள். ஒரு துணியை நனைத்துத் தகட்டைத் துடைத்தாள், இன்னொரு துணியால் மறுபடி துடைத்தாள், கதவைச் சாத்தி எதையோ அழுத்தினாள். மூடிகள் ஓடின. நேராக ஓடின. காற்று எப்போதாவது ஒரு தடவைதான் ஊதியது.

முதலாளி அக்காவைப் பார்க்கவில்லை. எஞ்சினியரைப் பார்த்து, "அவ்வளவுதானா? மெசின் ஓகே லா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் ஒரு பெரிய மூச்சு விட்டு, பக்கத்துப் பெட்டிமேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அக்காவிடம் ஒன்றும் பரவாயில்லை என்றார். அடுத்த வருஷமும் கட்டாயம் வைக்க வேண்டும், ஆனால் கண்ணில் மட்டும் வைக்காதே என்றார். மேலதிகாரி சிரித்தார், நாங்களும் சிரித்தோம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மாலை பஸ்ஸில் பாலத்தைத் தாண்டும்போதுதான் எனக்கு அது உறைத்தது. முதலாளி ஏன் கோபப்படவில்லை? ஒரு காலைப் பொழுது வீணாகியிருக்கிறது. டேப் ஒட்டியவருக்குக் கிடைக்காத மன்னிப்பு அக்காவுக்கு ஒரு நொடியில் கிடைத்துவிட்டது. மிஷின் கெட்டுப்போய்விட்டதோ என்று காலையிலிருந்து அவருக்கு உயிர் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் அவருக்கு வேறு எதுவும் பெரிதாகப் படவில்லை. மிஷினை வைத்துப் பார்க்கிற காலமெல்லாம் முடிந்துவிட்டது என்று அந்தச் சிரிப்பே சொல்லிவிட்டது. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். இந்த ஒரு தடவை அவர் கேலி செய்யவில்லை. டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

தீபாவளி கழிந்ததும் பெண்களை ஒவ்வொருவராக மாடிக்குக் கூப்பிட்டார்கள். சிலரை வேறு தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். மற்றவர்களுக்கு இழப்பீடு கொடுத்து அனுப்பினார்கள். அக்கா இரண்டாவது கூட்டத்தில் இருந்தார். சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள், யாரையும் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் எனக்கு ஆத்திரம். கடைசி நாளில் அக்கா புதிய மிஷினைக் கடந்து போகும்போது அதன் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். நான் குனிந்து மூடிகளைப் பார்ப்பதுபோல் இருந்தேன்.

இப்போது அக்கா செபராங் ஜெயாவில் துணி துவைத்து மடித்துக் கொடுக்கும் கடையில் வேலை செய்கிறார். இங்கேயும் கறைதான் பார்க்கிறேன் என்று போனில் சிரிப்பார். கணவரை அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துப்போய்க் காத்திருந்து கூட்டி வருகிறார். வைத்தியம் நிற்கவில்லை. ஆனால் அக்காவுக்கு உட்கார நேரமில்லை.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்குள் அதே மாதிரிக் கூண்டுகள் இன்னும் வந்துவிட்டன. பூஜைக்கு முந்தின நாள் எஞ்சினியர் வந்து ஒவ்வொரு கூண்டின் வெளிப்பக்கத்திலும், மேலே, ஒரு சின்ன வட்ட ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனாள். பொட்டு அதற்குள்தான் வைக்க வேண்டும் என்று என்னிடம் மரியாதையாகச் சொன்னாள். அவள் நல்ல பெண். வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பூஜையன்று முதலாளி ஊதுபத்தியோடு நின்றார். மிஷின் பழுது பார்க்கும் ஆட்கள் சிலரும், சரக்கு ஏற்றும் நேப்பாளத்துத் தம்பிகளும் நின்றார்கள். குங்குமத் தட்டு என் கைக்கு வந்தது. ஒவ்வொரு வட்டமாகப் பார்த்துப் பார்த்து, கோட்டைத் தாண்டிவிடக் கூடாதே என்ற பயத்தோடு, பொட்டு வைத்துக்கொண்டே போனேன். பிறகு பொரி கொடுத்தார்கள். நான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது.

எல்லாவற்றுக்கும் வைத்தாயா என்று கேட்டார். வைத்தேன் என்றேன். வட்டம் ஒட்டியிருக்கிறார்கள் என்று சொன்னதும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"சரி, ஒனக்கு யாரு வெச்சா?" என்றார்.

கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்தேன். காலையில் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு கண்ணாடியின் ஓரத்திலேயே இருந்தது. என் நெற்றியில் ஒன்றும் இல்லை. அத்தனை மிஷினுக்கும் வைத்த விரலில் குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"கடையில இருங்கக்கா, வர்றேன்" என்றேன். பஸ் நகரத் தொடங்கியிருந்தது. இன்றைக்கு நான் பாலம் தாண்டவில்லை என்று டிரைவரிடம் சொல்லி, நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டேன்.